கைப்பேசி வழியே வீட்டுக்குள் வரும் நேர்காணல்

பத்து ஆண்டுகளுக்கு முன்பு நம் காலனிப் பிள்ளை ஒருவருக்குக் கம்பெனியிலிருந்து நேர்காணல் அழைப்பு வந்தால், வீட்டில் முதல் வேலை பணம் புரட்டுவதுதான். சென்னைக்கு ராத்திரி பஸ், சான்றிதழ்களை வைக்க ஒரு ஃபைல், பக்கத்து வீட்டு அண்ணனிடம் இரவல் வாங்கிய ஷூ, வியாசர்பாடியிலோ பல்லாவரத்திலோ இருக்கும் சித்தப்பா வீட்டில் ஒரு குளியல், அங்கிருந்து ஷேர் ஆட்டோ. போய்வர இரண்டு நாள். செலவு, அப்பாவின் ஒரு வாரக் கூலி. வேலை கிடைக்காவிட்டால் அந்தக் கூலியும் போச்சு.

2020 கொரோனா ஊரடங்கில் கம்பெனிகள் காணொலி நேர்காணலுக்கு மாறின. ஊரடங்கு போன பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. கடைசிச் சுற்றுக்கு நேரில் கூப்பிடும் நிறுவனங்கள்கூட முதல் சுற்றைக் கைப்பேசியிலேயே முடித்துவிடுகின்றன. காட்டுமன்னார்கோயில் பக்கத்தில் ஒரு கிராமத்தில் உட்கார்ந்துகொண்டு நம் வீட்டுப் பெண் பெங்களூரு அதிகாரியிடம் பேசலாம். பஸ் செலவு இல்லை. நல்ல மாற்றம்தான்.

ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். முன்பு நாம் கம்பெனிக்குப் போனோம். சலவைச் சட்டையும் இரவல் ஷூவும் போட்டுக்கொண்டு, வீட்டை ஊரிலேயே விட்டுவிட்டுப் போனோம். இப்போது கம்பெனி நம் வீட்டுக்குள் வருகிறது. சுவரைப் பார்க்கிறது, கூரையைப் பார்க்கிறது, பின்னால் யார் நடமாடுகிறார்கள் என்று பார்க்கிறது. குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் வாங்கியவருக்கு இது சின்ன விஷயம் அல்ல. எதைக் காட்டுவது, எதைச் சொல்வது, எதைச் சொல்லாமல் விடுவது என்பதை நாமே முன்கூட்டித் தீர்மானித்துக்கொண்டு உட்கார வேண்டும். இந்த வாரம் அதைப் பற்றி.

முதலில் இடம். பல ஊர்களில் கைப்பேசி கோபுரம் ஊர்ப் பக்கம் இருக்கிறது. நம் தெருவுக்கு வரும்போது சிக்னல் ஒரு கோடு, இரண்டு கோடு என்று தேய்ந்துவிடுகிறது. நல்ல சிக்னல் கிடைப்பது ஊர் மேல்நிலைத் தொட்டி அருகிலோ ஊராட்சி அலுவலகத் திண்ணையிலோதான். அங்கே நம் பிள்ளை போய், அதுவும் ஒரு பெண் பிள்ளை போய், கைப்பேசியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு அரை மணி நேரம் பேசினால், 'யார் வீட்டுப் பிள்ளை, இங்கே என்ன வேலை' என்ற கேள்வி வரும் ஊர்களும் உண்டு. நகரத்தில் இருந்து நேர்காணலுக்கு ஆலோசனை சொல்பவர்கள் 'அமைதியான அறையில் அமருங்கள்' என்று ஒரு வரியில் முடித்துவிடுவார்கள். நமக்கு அந்த ஒரு வரியே பெரிய வேலை.

அதனால் நேர்காணலுக்கு மூன்று நாள் முன்பே இடத்தைத் தேடுங்கள். வீட்டில் எந்த மூலையில், எந்த நேரத்தில் சிக்னல் நன்றாக இருக்கிறது என்று பாருங்கள். மாலை ஏழு மணிக்குத் தெருவே கைப்பேசியில் படம் பார்க்கும்போது வேகம் குறையும். காலை பதினொரு மணிக்கு அதே இடத்தில் நன்றாக வரும். நேரத்தைத் தேர்ந்தெடுக்கச் சொன்னால் முற்பகலைக் கேளுங்கள். நண்பர் ஒருவருக்கு அதே செயலியில், ஜூம் என்றால் ஜூம், கூகுள் மீட் என்றால் மீட், இருபது நிமிடம் வீடியோவில் பேசிப் பாருங்கள். ஒரு மணி நேர வீடியோ அழைப்புக்கு அரை ஜிபியிலிருந்து ஒன்றரை ஜிபி வரை டேட்டா ஓடும். நாளுக்கு ஒன்றரை ஜிபி பேக் போட்டிருப்பவர், அன்று காலையில் ரீல்ஸ் பார்த்துத் தீர்த்துவிட்டால் நேர்காணலின் நடுவில் முகம் உறைந்து நிற்கும்.

மின்சாரத்தையும் பாருங்கள். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாளும் ஊர்களின் பெயரும் இந்த நாளிதழிலேயே முந்தைய நாள் வரும். மின்சாரம் போனால் ஃபேன் நிற்பது மட்டும் அல்ல, சில இடங்களில் கோபுரத்தின் சிக்னலும் மங்கிவிடும். சிமெண்ட் ஷீட் போட்ட வீட்டில் மழை பெய்தால் எதிரில் இருப்பவருக்கு ஒன்றும் கேட்காது. ஐப்பசி, கார்த்திகையில் நேர்காணல் வந்தால் மாடி வீட்டு உறவினரிடம் சொல்லி வையுங்கள். ஆடி மாதம் கோயில் மைக் செட். கேட்டால் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள், நம் தெருவில் அதற்கு மறுப்பு வராது. சாவு வீட்டுப் பறையை நிறுத்தச் சொல்ல முடியாது. அப்படி ஆகிவிட்டால் தயங்காமல் கம்பெனி மனிதவளப் பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் அனுப்பி, வேறு நேரம் கேளுங்கள். நேரம் வருவதற்கு முன் கேட்டால் பெரும்பாலும் தருவார்கள். நேரம் கடந்து காரணம் சொன்னால்தான் சிக்கல்.

வீட்டில் முடியவே முடியாது என்றால் வேறு இடங்கள் உண்டு. படித்த கல்லூரியின் வேலைவாய்ப்பு அலுவலரிடம் கேளுங்கள். முடித்துப்போன மாணவர்களுக்கும் கணினி அறையைத் திறந்துவிடும் கல்லூரிகள் உண்டு. ஆதிதிராவிடர் நலத் துறை விடுதியில் இருப்பவர்கள் காப்பாளரிடம் முன்பே சொன்னால், மற்றவர்கள் வகுப்புக்குப் போன நேரத்தில் அறை காலியாக இருக்கும். நகராட்சிகளில் கட்டப்பட்டுள்ள நூலகம் மற்றும் அறிவுசார் மையங்கள், மாவட்ட வேலைவாய்ப்பு மற்றும் தொழில்நெறி வழிகாட்டும் மையம் ஆகிய இடங்களில் இணையம் இருக்கும். பேச இடம் தருவார்களா, எந்த நாள் விடுமுறை என்பதை மட்டும் முதலில் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள்.

கருவியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மடிக்கணினி இருந்தால் நல்லது, இல்லாவிட்டால் கைப்பேசி போதும். கையில் பிடிக்கக் கூடாது. அரிசி டப்பா மேல் நான்கு புத்தகம் அடுக்கி, கண் உயரத்துக்கு நிமிர்த்தி, குறுக்குவாட்டில் சாய்த்து வையுங்கள். நூறு, இருநூறு ரூபாய் ஒயர் இயர்போன் போதும். வாசலையோ ஜன்னலையோ பார்த்து உட்காருங்கள். வெளிச்சம் முகத்தில் விழட்டும். வாசலுக்கு முதுகு காட்டினால் முகம் கருநிழலாகத்தான் தெரியும்.

ஒரு முக்கியமான விஷயம். கைப்பேசியில் நேர்காணல் நடக்கும்போது மாமா போன் செய்தால் வீடியோ அறுந்துவிடும். இதைத் தவிர்க்க, வீட்டில் உள்ள இன்னொரு போனில் ஹாட்ஸ்பாட் போடுங்கள். உங்கள் போனை ஃப்ளைட் மோடில் வைத்து, வைஃபையை மட்டும் திறந்து அதில் சேருங்கள். வைஃபை காலிங் வசதியையும் அணைத்துவிட்டால் சாதாரண அழைப்பு உங்கள் போனுக்கு வராது. ஹாட்ஸ்பாட் தரும் போனுக்கு அழைப்பு வந்தாலும் சில போன்களில் நெட் தடுமாறும் என்பதால், அந்த எண் அதிகம் பேருக்குத் தெரியாத எண்ணாக இருந்தால் நல்லது.

இன்னொன்று, சிரிப்பாக இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். நேர்காணலில் உங்கள் பெயர் திரையில் தெரியும். இரவல் போன் என்றால் அதில் அண்ணன் வைத்த பெயர்தான் தெரியும். 'தல வெறியன்' என்ற பெயரோடு ஒரு தம்பி வங்கி வேலைக்கு உட்கார்ந்தால் எப்படி இருக்கும்? நுழைவதற்கு முன் பெயரையும் முகப்புப் படத்தையும் மாற்றிக்கொள்ளுங்கள். மேலே சட்டை, கீழே லுங்கி என்று உட்காரவும் வேண்டாம். 'அந்தச் சான்றிதழைக் காட்டுங்கள்' என்றால் எழுந்திருக்க வேண்டியிருக்கும்.

இனி பின்னால் தெரியும் சுவர். இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். ஒரே முகங்களை வெவ்வேறு பின்னணியோடு காட்டி, இவர் நம்பத்தகுந்தவரா, திறமையானவரா என்று கேட்டார்கள். பின்னால் புத்தக அலமாரியோ செடியோ இருந்தபோது மதிப்பெண் கூடியது. வீட்டு அறை தெரிந்தபோது குறைந்தது. முகம் அதே முகம்தான். அங்கேயே அப்படி என்றால், பூச்சு இல்லாத செங்கல் சுவரையும் கொடியில் தொங்கும் துணியையும் பார்த்து இங்கே என்ன மதிப்பெண் போடுவார்கள் என்று யோசித்துக்கொள்ளலாம். இது நியாயமா என்றால் இல்லை. ஆனால் தெரிந்துகொண்டு உட்காருவது நல்லது. வெளிர் நிற வேட்டியையோ போர்வையையோ சுருக்கமில்லாமல் பின்னால் கட்டினால் போதும். செயலியிலேயே பின்னணியை மங்கலாக்கும் வசதியும் உண்டு. கடற்கரை, மலை என்று படம் போடும் வசதி வேண்டாம். சாதாரணக் கைப்பேசியில் அது காதையும் முடியையும் அறுத்துக் காட்டும்.

இங்கேதான் ஒரு கேள்வி வருகிறது. பேசும்போதெல்லாம் நம் மாணவர்கள் தயங்கித் தயங்கிக் கேட்பது: "அண்ணா, செவுத்துல அம்பேத்கர் படம் இருக்கு. எடுத்துடலாமா?"

கேட்பவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அந்தப் படத்தை மாட்டுவதற்கு நம் தெருக்களில் என்னென்ன நடந்திருக்கிறது என்பது அவர்களுக்கும் தெரியும். வேலை போய்விடுமோ என்ற பயத்தில் கேட்கிறார்கள். அவரும் அந்தப் பயம் அறிந்தவர்தான். அமெரிக்காவின் கொலம்பியா பல்கலைக்கழகத்திலும் லண்டனிலும் படித்துவிட்டு 1917-ல் பரோடா அரசின் வேலைக்கு வந்தவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பார்சி விடுதி ஒன்றில் பெயரை மாற்றித் தங்கினார். பதினோராம் நாள் காலை கம்புகளோடு வந்து நின்றவர்கள் 'நீ யார்?' என்றுதான் கேட்டார்கள். படிப்பு அவருக்கு வேலையைத் தந்தது. அந்தக் கேள்வி அவரைத் தெருவில் நிறுத்தியது.

என் கருத்தைச் சொல்கிறேன். வெளிச்சத்துக்கும் சிக்னலுக்கும் வேறு சுவர் வசதி என்றால் வேறு சுவரைப் பார்த்து உட்காருங்கள். அதில் ஒன்றும் இல்லை. துணி கட்டுவதென்றால் எல்லாச் சாமி படத்துக்கும் காலண்டருக்கும் சேர்த்துக் கட்டுங்கள். அதிலும் ஒன்றும் இல்லை. ஆனால் இருக்கும் ஒரே சுவரில் பிள்ளையார் காலண்டர் இருக்கட்டும், அம்பேத்கர் படத்தை மட்டும் கழற்று என்று மனம் சொன்னால், அதற்கு இடம் கொடுக்க வேண்டாம். படத்தைக் கழற்றிவிட்டு உட்காரும் பிள்ளை, அந்த அரை மணி நேரமும் எதையோ ஒளித்துவைத்தவர்போலத்தான் பேசும். ஒளிக்க ஒன்றும் இல்லை என்று உட்காருபவரின் குரல் வேறு. இதில் மாற்றுக் கருத்து உள்ளவர்கள் நம்மிலேயே உண்டு. முதலில் வேலைக்குப் போகட்டும், பிறகு படம் மாட்டட்டும் என்பார்கள். வீட்டுக் கடனைச் சுமக்கிற பிள்ளைக்கு அதுவே சரி என்று பட்டால், நான் குறை சொல்ல மாட்டேன்.

சுவருக்கு அடுத்து பெயர். 1929-ல் செங்கல்பட்டில் நடந்த சுயமரியாதை மாநாட்டில் சாதிப் பட்டங்களைத் துறக்கத் தீர்மானம் போட்டார்கள். அந்த மரபில் வந்ததால் தமிழ்நாட்டில் நமக்கு இனிஷியல்தான், பின்பெயர் கிடையாது. கம்பெனிப் படிவங்களோ பின்பெயர் இல்லாமல் நகராது. அப்பா பெயரை எழுதுவோம். நேர்காணலில் வடமாநில அதிகாரி, "ஹலோ முருகேசன்" என்று நம் பெண்ணை அப்பா பெயரால் கூப்பிடுவார். பதறாமல், "அது என் அப்பா பெயர் சார், எங்கள் மாநிலத்தில் சாதிப் பெயர் போடும் வழக்கம் இல்லை" என்று சிரித்துக்கொண்டே சொல்லலாம். சில பேர் அதோடு விட மாட்டார்கள், முழுப் பெயர் என்ன என்று கேட்பார்கள். அதே பதிலை அதே முகத்தோடு திரும்பச் சொல்லுங்கள். ஆதார், மதிப்பெண் பட்டியல், பான் அட்டை மூன்றிலும் பெயர் ஒரே மாதிரி இருக்கிறதா என்று இப்போதே பார்த்துக்கொள்வது நல்லது. வேலை கிடைத்த பிறகு சான்றிதழ் சரிபார்ப்பில் இது பெரிய அலைச்சல்.

ஊர் பெயரிலும் இதே கதை. தமிழ்நாட்டுக்காரர் நேர்காணல் எடுத்தால் 'எந்த ஊர்?' என்பதோடு நிற்காமல் 'எந்தத் தெரு?' வரை வருவார். தற்குறிப்பில் வீட்டு எண், தெரு எல்லாம் எழுத வேண்டிய கட்டாயம் இல்லை. ஊர், வட்டம், மாவட்டம், கைப்பேசி எண், மின்னஞ்சல் போதும். ('காலனி' என்ற சொல்லை அரசு ஆவணங்களிலிருந்து நீக்குவதாக 2025 ஏப்ரலில் முதல்வர் மு.க.ஸ்டாலின் சட்டப்பேரவையில் அறிவித்தார். நான் இங்கே பேச்சு வழக்கில் உள்ளபடி எழுதுகிறேன்.)

எல்லாவற்றையும்விட நம் பிள்ளைகள் தடுமாறும் இடம் ஒன்று உண்டு. "குடும்பத்தைப் பற்றிச் சொல்லுங்கள். அப்பா என்ன செய்கிறார்?"

இது வெறும் குசலம் விசாரிப்பு இல்லை என்று ஆய்வுகள் சொல்கின்றன. 2007 அக்டோபரில் எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி இதழில் இதைப் பற்றிச் சில கட்டுரைகள் வந்தன. சுகதேவ் தோரட்டும் பால் அட்டுவெல்லும் ஒரே தகுதியுள்ள விண்ணப்பங்களை உயர்சாதிப் பெயரிலும் தலித் பெயரிலும் முஸ்லிம் பெயரிலும் அனுப்பிப் பார்த்தார்கள். 548 விளம்பரங்களுக்கு 4,808 விண்ணப்பங்கள். தலித் பெயருக்கு அழைப்பு வரும் வாய்ப்பு, உயர்சாதிப் பெயருக்கு இருந்ததில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்குதான். சுரிந்தர் ஜோத்காவும் கேத்தரின் நியூமனும் பெரிய நிறுவனங்களின் 25 மனிதவள மேலாளர்களிடம் பேசினார்கள். எல்லோரும் 'திறமைதான் முக்கியம்' என்றார்கள். குடும்பப் பின்னணியைக் கேட்பதும் முக்கியம் என்றார்கள். இரண்டும் இடிக்கிறதே என்று அவர்களுக்குத் தோன்றவில்லை. அதே இதழில் அஸ்வினி தேஷ்பாண்டேவும் நியூமனும் டெல்லியில் உள்ள பல்கலைக்கழகங்களின் மாணவர்களைப் பற்றி எழுதினார்கள். குடும்பத்தைப் பற்றிய கேள்வி மற்ற மாணவர்களுக்குச் சாதாரணமாகப் பட்டிருக்கிறது. தலித் மாணவர்களுக்கு அது சங்கடமாக இருந்திருக்கிறது. ஆகவே அந்தக் கேள்வியில் உங்கள் தொண்டை அடைத்தால், கோளாறு உங்களிடம் இல்லை.

என்ன சொல்லலாம்? பொய் வேண்டாம். அப்பாவை மளிகைக் கடைக்காரர் ஆக்கினால் பின்னால் சரிபார்ப்பில் தெரியும். அதைவிட, அப்பா பக்கத்து அறையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். சுருக்கமாக, தலை நிமிர்ந்து, இரண்டு வாக்கியம். "அப்பா விவசாயத் தொழிலாளி. அம்மா நூறு நாள் வேலைக்குப் போகிறார்; எங்கள் குடும்பத்தில் நான்தான் முதல் பட்டதாரி." அவ்வளவுதான். அதற்கு மேல் வறுமையை விவரிக்க வேண்டாம். இரக்கத்தைக் கேட்பதாக ஆகிவிடும். இரக்கப்பட்டு யாரும் வேலை தருவதில்லை. அடுத்த மூச்சிலேயே உங்கள் வேலைக்கு வந்துவிடுங்கள்: "கல்லூரியில் படித்துக்கொண்டே சனி, ஞாயிறில் செல்போன் கடையில் வேலை பார்த்தேன், பில் போடும் மென்பொருள் எனக்கு அங்கேதான் பழக்கம்." அப்பா துப்புரவுப் பணியாளர் என்றால் அதையும் அப்படியே சொல்லலாம். நகராட்சி ஊழியர் என்று சொன்னாலும் அது உண்மைதான். எது நாவில் தடையில்லாமல் வருகிறதோ அதை. அந்த இரண்டு வாக்கியங்களையும் முன்கூட்டியே எழுதி, ஐம்பது முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். அன்றைக்குத்தான் முதல்முறையாகச் சொல்வதுபோல் இருக்கக் கூடாது.

நேரடியாகவே சாதியைக் கேட்டால்? அரசு வேலை, வங்கி, பொதுத்துறை என்றால் சாதிச் சான்றிதழை இணைப்பது நம் உரிமை. அங்கே தயக்கமே வேண்டாம். தனியார் துறையில் சட்டப்படி இட ஒதுக்கீடு இல்லை. சில பெரிய நிறுவனங்கள் பட்டியல் சாதியினரைக் கூடுதலாகச் சேர்க்கும் நோக்கத்தோடு படிவத்தில் கேட்பதுண்டு, அதை நிரப்பலாம். நேர்காணலில் வாய்மொழியாக, வேலைக்குத் தொடர்பே இல்லாமல் கேட்டால், "அது இந்த வேலைக்குத் தேவை என்றால் படிவத்தில் எழுதித் தருகிறேன் சார்" என்று சொல்லிவிட்டு நிறுத்துங்கள். அந்தப் பதிலால் ஒரு வேலை கைநழுவலாம். அப்படிக் கேட்டவரின் கீழ் தினமும் வேலை பார்ப்பது எப்படி இருக்கும் என்பதையும் சேர்த்து யோசித்துக்கொள்ளுங்கள். இழிவாகப் பேசினால் தேதி, நேரம், பேசியவர் பெயர், சொன்ன சொல் எல்லாவற்றையும் உடனே எழுதி வையுங்கள். வன்கொடுமைகளுக்கு எதிரான தேசிய உதவி எண் 14566. 2021-ல் அமைக்கப்பட்ட தமிழ்நாடு ஆதிதிராவிடர் மற்றும் பழங்குடியினர் மாநில ஆணையத்திடமும் மனு கொடுக்கலாம்.

ஆங்கிலத்தைப் பற்றி நிறையப் பயமுறுத்தியாகிவிட்டது. சரளம் வேண்டும் என்பதில்லை, தெளிவு வேண்டும். காணொலியில் குரல் அரை விநாடி தாமதமாகப் போகும். எதிரில் இருப்பவர் முடித்த பிறகு ஒரு மூச்சு விட்டுப் பேசுங்கள், இல்லாவிட்டால் இரண்டு குரலும் மோதும். புரியவில்லை என்றால் "குட் யூ ப்ளீஸ் ரிபீட் தி கொஸ்டின், சார்?" என்று கேட்பதில் குறைவு இல்லை. சென்னை, கோவை நிறுவனங்களில் "தமிழில் சொல்லலாமா?" என்று ஒரு பதிலுக்கு அனுமதி கேட்டால் பலர் சரி என்பார்கள். 'உங்களைப் பற்றிச் சொல்லுங்கள்' என்பது எப்படியும் வரும். அதற்கு ஒரு நிமிடப் பதில். படிப்பு, செய்த புராஜெக்ட், தெரிந்த வேலை. பேசும்போது திரையில் உள்ள முகத்தைப் பார்க்காமல் கேமரா புள்ளியைப் பாருங்கள். எதிராளிக்கு அதுதான் கண்ணைப் பார்ப்பது.

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் நம் பிள்ளைகள், "எவ்வளவு குடுத்தாலும் சரி சார்" என்று சொல்லிவிடுகிறார்கள். வேண்டாம். கூலிக்காரர் மகனுக்குத் தெரியாதா, வேலைக்கு முன்பே கூலி பேச வேண்டும் என்று? அதே வேலைக்கு மற்ற இடங்களில் என்ன தருகிறார்கள் என்று விசாரித்து வைத்து, ஒரு தொகையைச் சொல்லுங்கள், அல்லது "இந்தப் பணிக்கு நிறுவனம் வைத்திருக்கும் சம்பள வரம்பு என்ன?" என்று கேளுங்கள்.

இப்போது ஆளே இல்லாத நேர்காணலும் வந்துவிட்டது. திரையில் கேள்வி தோன்றும், யோசிக்கப் பெரும்பாலும் அரை நிமிடம், பிறகு கேமராவைப் பார்த்து ஒன்றிரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்ய வேண்டும். எதிரில் தலையாட்ட ஆள் இல்லாததால் பலருக்கும் பேச்சு நின்றுவிடும். கைப்பேசியில் உங்களை நீங்களே பத்து முறை படம் பிடித்துப் பாருங்கள், பழகிவிடும். கேமரா கண்காணிப்போடு நடக்கும் எழுத்துத் தேர்வும் உண்டு. பின்னால் இன்னொரு முகம் தெரிந்தாலோ, அடிக்கடி வேறு பக்கம் திரும்பினாலோ மென்பொருள் முறைகேடு என்று குறித்துக்கொள்ளும். ஓர் அறை வீட்டில் பாட்டி தண்ணீர் குடிக்க வந்தாலும் அதே கணக்குதான். அந்த ஒரு மணி நேரம் வீட்டாரை வேப்பமரத்தடிக்கு அனுப்ப முடியுமா பாருங்கள். முடியாதென்றால், ஓர் அறை வீடு என்பதை நிறுவனத்துக்கு முன்கூட்டியே மின்னஞ்சலில் தெரிவித்துவிடுங்கள்.

பெற்றோருக்கும் ஒரு வார்த்தை. பெண் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு அறிமுகமில்லாத ஆணிடம் வீடியோவில் பேசுகிறதே என்று சில வீடுகளில் முகம் சுளிக்கிறார்கள். நேர்காணல் இப்படித்தான் நடக்கும் என்று முந்தைய நாளே பிள்ளை விளக்கிச் சொல்லட்டும். அழைப்புக் கடிதத்தைக் காட்டட்டும். அதே நேரம், ராத்திரி பதினொரு மணிக்கு வாட்ஸ்அப் வீடியோவில் வந்து 'எழுந்து நின்று காட்டு' என்று சொல்பவன் எந்தக் கம்பெனி அதிகாரியும் இல்லை. உடனே துண்டித்துவிடுங்கள்.

மோசடிக்காரர்களும் இப்போது ஜூமில் கோட்டு போட்டுக்கொண்டு நேர்காணல் எடுக்கிறார்கள். பத்து நிமிடம் பேசிவிட்டு 'தேர்வாகிவிட்டீர்கள்' என்பார்கள். பிறகு பதிவுக் கட்டணம், மடிக்கணினிக்கு முன்பணம், பயிற்சிக் கட்டணம். வேலை தருகிறவன் பணம் கேட்க மாட்டான். தாலியை அடகு வைத்துக் கட்டிய குடும்பங்கள் உண்டு. தாய்லாந்தில் கணினி வேலை என்று இப்படித் தேர்வு செய்து, மியான்மர் எல்லைக்குள் கொண்டுபோய் இணைய மோசடி செய்ய வைத்த கும்பலிடம் தமிழ் இளைஞர்கள் சிக்கி 2022-ல் மீட்கப்பட்டதை மறந்துவிடக் கூடாது. வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவர் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்றவரா என்று பாருங்கள். பணம் போய்விட்டால் வெட்கப்பட்டுக்கொண்டு ஒரு நாள் காத்திருக்க வேண்டாம். உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணுக்குப் பேசுங்கள். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அவ்வளவுக்குப் பணத்தை வங்கியில் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.

இத்தனையையும் ஒரு பிள்ளை தனியாகச் செய்து முடிப்பது கஷ்டம். 1916-ல் சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்தில் நந்தனார் பள்ளியைத் தொடங்கியபோது, பிள்ளைகள் உட்கார்ந்து படிக்க ஓர் இடம் வேண்டும் என்பதில் இருந்துதான் தொடங்கினார். நம் தெருக்களில் பல இடங்களில் அம்பேத்கர் படிப்பகம் இருக்கிறது, சமுதாயக்கூடம் இருக்கிறது. கேரம் போர்டும் பழைய நாற்காலிகளும் கிடக்கும் அந்த அறையில் ஒரு மூலையை ஒதுக்க முடியாதா? ஒரு மேசை, ஒரு நாற்காலி, ஒரு பிளக் பாயிண்ட், ஒரு வெளிர் நிறத் திரைத்துணி, ஒரு இயர்போன். சங்கத்தின் ஒரு வருட பேனர் செலவுகூட ஆகாது. நேர்காணல் உள்ள நாளில் வாசலில் ஒரு தம்பி நின்று சத்தம் போடாமல் பார்த்துக்கொள்ளலாம்.

சென்னையிலும் பெங்களூரிலும் வேலையில் இருக்கும் நம் அண்ணன்களும் அக்காக்களும் ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்கினால், அங்கிருந்தே வீடியோவில் ஒத்திகை நேர்காணல் எடுக்கலாம். அப்பா என்ன செய்கிறார் என்ற கேள்வியை முதலில் அவர்களே கேட்கட்டும். தாட்கோ மூலம் பயிற்சி பெறுபவர்களும் 'நான் முதல்வன்' திட்டத்தில் படிப்பவர்களும் தங்களுக்கு அங்கே சொல்லித் தந்ததைப் படிப்பகத்துக்குக் கொண்டுவரலாம்.

அந்த மேசை மேல் ஒரு நோட்டுப் புத்தகம் வையுங்கள். நேர்காணல் முடித்து எழுந்திருக்கும் ஒவ்வொருவரும் எந்த வேலை, எந்தச் செயலி, என்ன கேட்டார்கள், எதில் தடுமாறினோம் என்று அன்றைக்கே ஒரு பக்கம் எழுதிவிட்டுப் போகட்டும்.